நான்கு கார்பைட் உளிகள்

பிப்ரவரி 11, 2025
வாங்கிவிட்டேன். லேசில் மழுங்காத கார்பைட் முனை வைத்த உளி நான்கு, புதுச் சுத்தியல் ஒன்று. சாவ்ரி பஜார் கடைக்காரர் பேரம் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டில் மனைவி தமிழ்செல்வி, "பட்டாளத்துல இருபத்திநாலு வருஷம் கல்லு கொத்துனது பத்தலையா? ரிட்டயராயி சொந்தக் காசுல வேற கொத்தணுமா?" என்றாள். அவளுக்கென்ன தெரியும்! நாங்கள் பழுது பார்க்கிற பழைய மதில்சுவர்க் கல்லில் சாதா இரும்பு உளி மத்தியானத்துக்குள் மழுங்கிப்போகிறது. பாதி நாள் சாணை பிடிப்பதிலேயே போகிறது.

பிப். 13
கல் சொன்னபடி கேட்கிறது. ஒரே நாளில் ஆறு கல்! பக்கத்தில் கொத்துகிற ரமேஷ்குமார் வாயைப் பிளந்து பார்த்தான். "ஒருக்கா குடுங்ண்ணா, அடிச்சுப் பாத்துட்டுத் தர்றேன்." கொடுக்கவில்லை. ஒருத்தன் உளியை இன்னொருத்தன் தொடக் கூடாது. எங்கள் வேலையில் அது சட்டம். ஐந்து வருஷம் பழகியவன் என்றாலும்தான்.
சாயங்காலம் வழக்கம்போல சாணை பிடித்து, வாளித் தண்ணீரில் முக்கி, துடைத்துச் சாக்கில் சுற்றி வைத்தேன்.

பிப். 19
ஒன்று போச்சு. சாப்பிட்டுவிட்டு வந்து எடுத்தேன், இரண்டாவது அடியிலேயே முனை தெறித்தது. சாப்பாட்டு நேரத்தில் அங்கே இருந்தது யார்? ரமேஷ் மட்டும்தான்.
கேட்டேன். "நா தொடவே இல்லீங்ண்ணா" என்றான். முகத்தைப் பார்த்தால் நம்பலாம் போலத்தான் இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

பிப். 22
இரண்டாவதும்! அதே சாப்பாட்டு நேரம், அதே கதை. எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. என்னென்ன பேசினேன் என்று எழுதக் கை கூசுகிறது. இன்ஜினியர் சந்திரசேகரிடம் போய், "அவன் இருந்தா நான் இல்ல சார்" என்றேன். ரமேஷை இனி வர வேண்டாம் என்றுவிட்டார்.
அவன் சாமானைப் பையில் போட்டுக்கொண்டு போனான். பேசினால்தான் என்னவாம்?

பிப். 23
ஞாயிறு. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

பிப். 25
உடைந்த இரண்டையும் கடைக்கு எடுத்துப் போனேன், சண்டை போடத்தான். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாணை பிடித்ததும் தண்ணீரில் போட்டீர்களா என்று இந்தியில் கேட்டார். பின்னே? இருபத்திநாலு வருஷமாக அப்படித்தானே! அவர் சிரித்தார். இரும்பு உளிக்குச் செய்வதை இதற்குச் செய்யலாமா பாய் சாப், சூட்டோடு முக்கினால் கார்பைட் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும், அடிக்க அடிக்க ஒரு நேரம் தெறித்துவிடும், தானாக ஆற விடணும் என்றார்.
தினம் சாயங்காலம். நானே. என் கையாலே. ஐயோ.

பிப். 26
சொல்லணுமா? கடைக்காரருக்கு ரமேஷ் யாரென்றே தெரியாது. உண்மை எனக்கு மட்டும்தான் தெரியும் — அது போதாதா?
தமிழ்செல்வியிடம் சொன்னேன். சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிரவேயில்லை. "என்கிட்ட சொல்லி என்ன ஆவப் போவுது? ரமேஷ் ரெண்டு பொண்ண படிக்க வைக்கிற மனுஷன். போய் அங்க சொல்லுங்க."

பிப். 28
இன்ஜினியரிடம் சொன்னேன், எல்லார் முன்னாலும். தலை நிமிர முடியவில்லை. அப்படியே ஜனக்புரியில் ரமேஷ் வீட்டுக்குப் போய் அவனிடமும் சொன்னேன். கை கூப்பினேன். "சரிங்ண்ணா" என்றான். டீ கொடுத்தான். திட்டித் தொலைத்திருக்கலாம்.

மார்ச் 4
ரமேஷ் நேற்றிலிருந்து வேலைக்கு வருகிறான். இன்று மத்தியானம் நான் சாப்பிட எழுந்ததும் அவனும் சுத்தியலைக் கீழே வைத்தான். கல் பாதியில் நிற்கிறதே, முடித்துவிட்டு வாயேன் என்றேன்.
"வேண்டாங்ண்ணா. நீங்க இல்லாதப்ப நா இங்க இருக்க மாட்டேன்."
கொட்டகைக்கு வெளியே போய் வெயிலில் நின்றான். நான் சாப்பிட்டு, கை கழுவி, என் இடத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் உள்ளே வந்தான்.