கலையரசி என்ன சொன்னாள்

சின்ன காஞ்சிபுரம்
2.7.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் பாப்பாவும் நலம். யோகா முகாமில் செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று தெரிந்திருந்தால் உங்களை ஏலகிரிக்கு அனுப்பியே இருக்க மாட்டேன். ஓரிக்கை ரோட்டில் நீங்கள் ஓட்டிய கம்பெனி பஸ்ஸில் அடிபட்டு அந்தப் பெண் கலையரசி இறந்ததிலிருந்து நீங்கள் கண்ணே மூடவில்லை. மூச்சுப் பயிற்சி செய்தால் தூக்கம் வரும் என்றார்களே, வருகிறதா? சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

நேற்று அவளுடைய அம்மா மணியம்மாள் வந்தார். சண்டைக்குத்தான் என்று பயந்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தார்.

"உன் வீட்டுக்காரருதான் எம்பொண்ண மடியில போட்டுக்கினு இருந்தாராம்மா. அவ ஏதோ பேசினான்னு சொல்றாங்க. என்னா சொன்னான்னு மட்டும் கேட்டுச் சொல்லும்மா" என்றார். விபத்து வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

எழுதுங்கள். நான் போய்ச் சொல்கிறேன்.

உங்கள் துளசி

ஏலகிரி
9.7.2024

அன்புள்ள துளசிக்கு,

தூக்கம் வருகிறது. காலையில் யின் யோகா. முதுகுக்குக் கீழே தலையணை வைத்து, அசையாமல் வெகுநேரம் கிடப்போம். பிறகு மூச்சை இழுத்து நிறுத்துவது. முதலில் நிறுத்தும்போதெல்லாம் அந்தப் பெண் மூச்சுக்குத் திணறியதே காதில் கேட்டது. குருஜி ஒரு மந்திரம் கொடுத்தார். மனதுக்குள் சொல்லச் சொல்ல அந்தச் சத்தம் போய்விட்டது.

மணியம்மாள் கேட்டதைக் குருஜியிடம் சொன்னேன். பழையதைத் தொட்டால் பயிற்சி கலைந்துவிடும் என்கிறார். அந்த அம்மாவுக்காகவும் ஜபிக்கிறேன் என்று சொல். பாப்பாவுக்கு முத்தம்.

அன்புடன்
கலைவாணன்

சின்ன காஞ்சிபுரம்
17.7.2024

மாமா,

ஜபிக்கிறீர்கள் என்று அவரிடம் எந்த வாயால் சொல்வேன்? வேலை முடிந்து போகிற வழியில் வாசலில் வந்து நிற்கிறார். "லெட்டர் வந்துச்சாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். ஆடி அமாவாசைக்கு மகளுக்குப் படையல் போடுகிறாராம். அதற்குள் ஒரு வரி எழுதுங்கள். ஞாபகம் இல்லையென்றால் அதையாவது எழுதுங்கள்.

துளசி

ஏலகிரி
26.7.2024

துளசிக்கு,

எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அதை எழுத வேண்டுமென்றால் நான் மறுபடி அந்த ரோட்டில் போய் உட்கார வேண்டும். என்னால் முடியாது. இன்னும் சில மாதம் இங்கேயே இருக்கச் சொல்கிறார்கள். நீயும் மூச்சைக் கவனித்துப் பழகு. மனசு அடங்கும்.

கலைவாணன்

சின்ன காஞ்சிபுரம்
5.8.2024

கலைவாணன் அவர்களுக்கு,

நேற்று படையலுக்குப் போயிருந்தேன். கலையரசியின் படத்துக்கு முன்னால் புதுச் சுடிதாரும் கேசரியும் வைத்திருந்தார்கள். கற்பூரம் காட்டியதும் மணியம்மாள் என் பக்கம் திரும்பினார். அவர் வாய் திறப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

"எங்கம்மாவ கூப்புடுங்கன்னு சொன்னாளாம்மா."

என் தோளில் சாய்ந்து அழுதார். "அப்படித்தான் கூப்புடுவா. சின்னதுலர்ந்தே அப்படித்தான்" என்றார். அப்புறம் எனக்கு இலை போட்டுப் பரிமாறினார். சாப்பிட்டேன்.

அது நான் கட்டிய பொய். இனி நீங்கள் உண்மையைச் சொல்ல வந்தாலும் அவரிடம் சொல்ல விடமாட்டேன்.

நானும் பாப்பாவும் செய்யாற்றுக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறோம். சாவி பக்கத்து வீட்டு அலமுவிடம் இருக்கிறது. உங்களுக்குத் தூக்கம் வந்தது நல்லதுதான். எனக்குத்தான் இனிமேல் உங்கள் பக்கத்தில் படுத்துத் தூங்க முடியாது.

துளசி