கதவின் மேல் போட்ட பழி

அண்ணா,

இன்று காக்ஸ் டவுன் கோயிலில் பூசையின்போது, முன் பெஞ்சில் யாரோ முழங்காலுக்கு நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். அந்த வாசனை பட்டதும் என் வாயில் ஜெபம் நின்றுவிட்டது.

நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் பேச ஆரம்பித்தால் வக்கீல்கூட நாற்காலி இழுத்துப் போட்டுக் கேட்பார், உனக்குத் தெரியும். தங்கவயலில் பத்தாயிரம் அடி ஆழத்தில் பாறை சரிந்தபோது நாலு பேரைத் தோளில் தூக்கி வந்த கதையை எடுத்தால் நம் அடுகோடித் தெருவே வாய் பிளக்கும். நிஜமாகச் சுரங்கத்தில் இறங்கியவன் நீ. மூலையில் இருந்தபடி சொல்வாய்: "டேய், நீ மேல கேன்டீன்ல வடை போட்டவன்டா. புளுகாத." எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உனக்கு மறதி நோய் முற்றிய பிறகு ஒருநாள் அதே கதையைச் சொன்னேன். கண் கலங்கக் கேட்டாய். "நாலு பேரையா தம்பி? நல்லா இருப்பே." அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆறு வருஷம் உன்னைக் குளிப்பாட்டினேன், ஊட்டினேன். கோயிலில் என்னைப் புனிதர் என்றார்கள். ஒரு மணி நேரம் வந்து உட்காருங்கள் என்றால் ஒருவரும் வரவில்லை. ஆனாலும் புகழ்ச்சியை நான் விடவில்லை. "அவர் எத்தனை தடவ கேட்டாலும் சிரிச்சுக்கிட்டே பதில் சொல்வேன், ஜெபம்தான் பலம்" என்று ஊரெல்லாம் சொன்னேன்.

அந்தச் சாயங்காலம் இருவரும் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். "சங்கு ஊதிட்டான்டா, ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று எழுந்தாய். உட்கார வைத்தேன். மறுபடி எழுந்தாய். மறுபடியும். "அருள் நிறைந்த மரியே" என்று வாய் சொல்லிக்கொண்டிருக்க, ஜெபமாலை சுற்றிய கையாலேயே உன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, சிவந்திருந்த கையைக் காட்டிக் கேட்டாய்: "இது என்னடா?"

"கதவுல இடிச்சுக்கிட்டண்ணா."

உன் முகத்தையே பார்த்தேன். புளுகாத என்று சொல்லிவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"ஆமா, நான்தான் பார்க்காம போயிருப்பேன்" என்றாய். தைலம் தேய்த்துவிட்டேன். என் நெற்றியில் சிலுவை வரைந்து, "தங்கமான தம்பி" என்றாய்.

உன் அடக்கப் பூசையில் சாமியாரும் அதையேதான் சொன்னார். நான் தலை குனிந்தேன். பணிவு என்று நினைத்துக்கொண்டார்கள்.

சுரங்கக் கதையில் அந்த நாலு பேர் இப்போது ஆறு பேராகிவிட்டார்கள், தடுக்கத்தான் ஆளில்லை. இந்தக் கையின் கதையை மட்டும் நான் எவரிடமும் சொன்னதில்லை. இதில் ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, அண்ணா.