தாயைக் காட்டச் சொல்

சங்கரன்கோவில்,
நவம்பர் 16.

அன்பு மகள் ஜாய்லினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் இந்த நாள்வரைக்கும் எங்களைக் குறையில்லாமல் நடத்தியிருக்கிறார். அந்தக் குளிரில் உன்னையும் அப்படியே நடத்துவார் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. என் முழங்கால் மாடிப்படியில் மட்டும் பேசுகிறது. மழை பரவாயில்லை. தறி நான்கில் மூன்று ஓடுகிறது, நாலாவதற்கு ஆள் கிடைக்கவில்லை. தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, பிறகு கடிதம் எதற்கு என்று நினைப்பாய். எதிர்வீட்டு அப்ரீன் பானு இருபத்திரண்டாம் தேதி உன் ஊருக்கே வேலைக்கு வருகிறாள். அவள் பெட்டியில் உனக்காக இரண்டு கிலோ இடம் விட்டிருக்கிறாள். இட்லிப்பொடி, பருப்புப்பொடி, கொஞ்சம் கருப்பட்டி. அதன் மேல் இந்தத் தாள். போனில் என் வாயில் வராத ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான்.

ஆகஸ்டில் நாய்க்குட்டியைக் காட்டிய அன்று நீ கேட்ட முதல் கேள்வி, தாயைப் பார்த்தீர்களா என்பது. அப்பா பார்த்தோம் என்றார். பக்கத்தில் நின்று நானும் தலையாட்டினேன். நாங்கள் பார்க்கவில்லை ஜாய்லின்.

நீ போன பிறகு வீடு எப்படி இருந்தது என்று எழுத மாட்டேன். ஒரு நாய் வாங்கினால் என்ன என்று முதலில் கேட்டது நான்தான். வாங்கினால் வெள்ளை ராஜபாளையம், மூக்கு ரோஸ் நிறம், வேறு எதுவும் வேண்டாம் என்றார் அப்பா. சின்ன வயது ஆசையாம். உன் வீட்டுக்கார அம்மாள் ஏதோ நாய்க்குட்டிப் பண்ணையில் வாங்கிய நாய் பதினோராம் நாள் செத்துப்போனதை நீ சொல்லியிருந்தாய். தாயைக் காட்டச் சொல்லுங்கள், அது இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள், காட்டாவிட்டால் வெறுங்கையோடு வந்துவிடுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாய். அப்பா முதலில் ஒழுங்காகத்தான் தொடங்கினார். மீன்தொட்டியும் நாய்த்தீனியும் விற்கும் சலாவுதீன் கடைக்குப் போனார். அவர், "குட்டி நா விக்கதில்ல அண்ணாச்சி. கூண்டுல அடச்சு வச்சி விக்க மனசு வரல. கைவிட்டத எடுத்து வளக்க புள்ள ஒண்ணு இருக்கு. நம்பர் தாரேன், ஒரு மாசம் பொறுங்க" என்றிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து என்னிடம் எகிறினார். "தெருவுல கெடந்ததத் தூக்கிட்டு வரவா இத்தன வருசம் காத்துக் கெடந்தேன்?" மறுநாள் போனில் ஒரு விளம்பரம். அதற்கு மறுநாள் பேருந்து நிலையத்தில் ஒரு ஆள், கையில் அட்டைப்பெட்டி. உள்ளே அவ்வளவு வெள்ளை. தாய் எங்கே என்று கேட்கத்தான் போனோம். பெட்டியைத் திறந்ததும் மறந்துவிட்டது. மறந்தது என்றும் எழுதக் கூடாது. கேட்டால் கிடைக்காமல் போய்விடுமோ என்று இரண்டு பேருமே வாயை மூடிக்கொண்டோம்.

ஜமீன் என்று பெயர் வைத்தார். கூப்பிட்டால் வரமாட்டான். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை. "ஜமீன்னா சும்மாவா? கூப்புட்ட ஒடனே ஓடி வர அவன் என்ன உன் புருசனா?" என்று என்னைக் கேட்டார். தறி ஓடும்போது பாவு நூலுக்கு அடியில் படுத்து அயர்ந்து தூங்குவான். வந்தவர்கள் எல்லாரும் அதிசயப்பட்டார்கள், தறிக்காரன் வீட்டுக்கென்றே பிறந்த நாய் என்று. அவனிடம் ஒரு குறை இருப்பது எங்களுக்கு எப்படித் தெரியவில்லை என்று நீ கேட்கலாம். உனக்குத் தெரியும், தறிக்கூடத்தில் யார் வாயால் பேசுகிறோம்? பெருவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் டீ. உள்ளங்கையை விரித்தால் நிறுத்து. விரலை மடக்கினால் வா. அவனுக்கும் அதையேதான் செய்தோம். பத்தே நாளில் அத்தனையும் படித்துக்கொண்டான். என்ன அறிவு என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

செப்டம்பரில் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தினார்களே, அந்தப் பகல். மூன்று தறியும் நின்றது. நான் அண்டா மூடியைத் தவறவிட்டேன். அவன் தலைக்குப் பின்னால், சிமெண்ட் தரையில் விழுந்து சுற்றிச் சுற்றி அடங்கியது. நான் பதறினேன். அவன் தூங்கினான். கையைத் தட்டினேன். அப்பா உள்ளேயிருந்து வந்து பெயரைச் சொன்னார். பிறகு கத்தினார். பிறகு மறுபடியும், ரொம்ப மெதுவாக, ஒரு தடவை சொன்னார்.

அரசு கால்நடை மருத்துவமனை டாக்டரம்மா சாவிக்கொத்தை அவன் காதுக்குப் பின்னால் ஆட்டிப் பார்த்தார். இரண்டு காதும் பிறவியிலேயே கேட்காது என்றார். வெள்ளையில் வெள்ளையாக வேண்டும் என்று ஒரே வயிற்றுப் பிள்ளைகளையே சேர்த்துச் சேர்த்து ஈனவைக்கிறவர்களும் இருக்கிறார்கள், அப்படிப் பிறப்பவற்றில் இது நிறைய உண்டு, வாங்குகிறவர்கள் ரோஸ் மூக்கைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை என்றும் சொன்னார். அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் அந்த ஆளுக்குப் போன் போட்டார். அவன் கொஞ்சமும் அசரவில்லை. "அதுக்கென்ன அண்ணாச்சி, கொண்டாங்க, வேற தாரேன்." இங்கே நான் என்னையும் எழுத வேண்டும். சரி, மாற்றிவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. ஒரு நிமிடம் இல்லை, இரண்டு நாள்.

அவன் வரச்சொன்ன இடம் ராயகிரிப் பக்கம் ஒரு எலுமிச்சைத் தோட்டம். வண்டியில் பின்னால் நான், மடியில் பெட்டி, பெட்டியில் அவன். மூடியின் இடுக்கில் மூக்கை நீட்டி வழியெல்லாம் காற்றை வாங்கிக்கொண்டே வந்தான். தோட்டத்து வாசலிலேயே அந்த ஆள் மறித்துக்கொண்டான். இரண்டு குட்டிகளைக் கையில் தயாராக வைத்திருந்தான். "பயப்படாதீங்க அண்ணாச்சி, டேமேஜ் பீஸ மாத்திக் குடுக்கதுதான நம்ம பழக்கம்" என்றான். அப்பா முகத்தைப் பார்த்தேன். ஒரு நூல் அறுந்ததற்காக முழுக்கட்டுத் துண்டையும் டேமேஜ் என்று வியாபாரி திருப்பி அனுப்பும் நாட்களில் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாரே, அந்த முகம். நான் கேட்டேன், இதைத் திருப்பி வாங்கி என்ன செய்வீர்கள் என்று. "அதக் கேட்டு நீங்க என்னக்கா செய்யப் போறீங்க" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் எல்லாம் தெரிந்துவிட்டது. அப்போதுதான் உன் வாக்கியம் என் வாயில் வந்தது. "இதோட தாயக் காட்டுங்க." தாய் இங்கே இல்லை, ஊரில் இருக்கிறது என்றான். புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிராமலே மோவாயால் தண்ணீர்த்தொட்டியைக் காட்டினாள். பெட்டியோடு நான் நடந்தேன். அவன் பின்னாலேயே, "எக்கா, எக்கா, அங்கன போவாதீங்க" என்று வந்தான். முழங்கால் வலி ஞாபகமே இல்லை.

தொட்டிக்குப் பின்னால் ஒரு கொட்டகை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தலை தட்டும் உயரம். ஏழு பெண் நாய்கள். சங்கிலி எழுந்து நிற்க விடும், திரும்ப விடாது. ஜமீனின் தாயை யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. பெட்டிக்குள் அவன் புரண்ட புரளலில் அட்டை கிழிந்தது. மடி தொங்கி, கழுத்து மயிர் தேய்ந்து, எலும்பாக ஒன்று எழுந்தது. அவனை முகர்ந்தது. பிறந்த அன்று செய்வதுபோல அவன் பின்புறத்தை நக்கிச் சுத்தம் செய்யத் தொடங்கியது. அவனுக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது. அப்பா, "எத்தன ஈத்து?" என்று கேட்டார். "வருசத்துக்கு ரெண்டு, தப்பாது" என்றான் அவன், பெருமையாக. "இந்தத் தாயத் தருவியா?" என்றார் அப்பா. அவன் திகைத்தான். "அண்ணாச்சிக்குக் கோட்டி கீட்டி புடிச்சிட்டா? அது இன்னும் ரெண்டு ஈத்துக்குத் தாங்கும்லா" என்றான். அப்பா ஜமீனைத் தூக்கினார். கிழிந்த பெட்டியில் வைக்கவில்லை. சட்டைக்குள் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். மாற்ற வேண்டாம் என்றுகூட அந்த ஆளிடம் சொல்லவில்லை.

நீ கேட்கச் சொன்னதை முதல் நாளே கேட்டிருந்தால் அந்த ஆளிடம் வாங்கியிருக்கவே மாட்டோம். பிந்திக் கேட்டோம். ஆனாலும் கேட்டதால்தான் ஜமீன் இப்போது என் காலடியில் கிடக்கிறான். கேட்காமல் இருந்திருந்தால் குட்டியை மாற்றிக்கொண்டு வந்திருப்போம், புதுக்குட்டியை உனக்குக் காட்டிச் சிரித்திருப்போம். பெற்ற பிள்ளைக்கு நன்றி சொல்வது நம் வீட்டில் வழக்கமில்லை. இந்த ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன்.

மீதியையும் கேள். மறுநாள் அப்பா தலையைக் குனிந்துகொண்டு சலாவுதீன் கடைக்குப் போய் அந்த நம்பரை வாங்கினார். ஷமீரா என்று கடையநல்லூர்ப் பெண், மருந்துக்கடையில் வேலை. வீட்டுக்குள் நாய் கூடாது என்று அவள் உம்மா சொல்லிவிட்டதால் ஊருக்கு வெளியே வாடகை இடத்தில் கொட்டகை போட்டுப் பார்த்துக்கொள்கிறாள். எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கவைத்தாள். அப்பா முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஆளுக்குச் சொந்தபந்தம் அதிகம், வீண் வம்பு என்று எனக்குப் பயம்தான். "இருக்கட்டும் ஏட்டி, பெத்த மகள்ட்ட வாய் பொய் சொல்லிச்சு, கையாவது ஒரு உண்மைய எழுதட்டும்" என்றார். அதிகாரிகள் போவதற்குள் அவன் கொட்டகையைக் காலி செய்துவிட்டான். இனி ஈனாது என்று இரண்டு கிழடுகளை மட்டும் விட்டுப் போயிருந்தான். ஜமீனின் தாய் அதில் இல்லை. தேடுகிறோம் என்கிறாள் ஷமீரா. நான் ஜெபத்தில் வைத்திருக்கிறேன். வேறு என்ன செய்ய என்று தெரியவில்லை.

ஷமீரா தன் கொட்டகைக்குக் கொண்டுபோன அந்த இரண்டில் ஒரு செவலையை நாங்கள் கேட்டோம். கேட்டவுடன் தூக்கிக் கொடுப்பாள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தாள். கேட் உயரம் என்ன, பகலில் கட்டிப்போடுவீர்களா, வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள், அண்ணாச்சிக்கு வயது என்ன. கடைசியில் தறி பெல்ட்டுக்குத் தடுப்பு இல்லை, கம்பிவலை அடித்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று கிளம்பிவிட்டாள். அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "உன்னப் பொண்ணு கேட்டு வந்தப்போகூட உங்க வீட்டுல இம்புட்டுக் கேள்வி கேக்கலயேட்டி" என்றார். கேட்டிருக்க வேண்டும் என்றேன். அந்த வாரமே வலை அடித்தார். ஐந்து வயதில் உன் பாவாடை சிக்கியதே, அதே பெல்ட். நாங்கள் அடிக்காத வலையை ஒரு நாய்க்காக இப்போது அடித்திருக்கிறோம். என்னை மன்னித்துக்கொள்.

செவலை வந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரம் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். திரும்பலாம் என்பதே அவளுக்கு மறந்திருந்தது. இப்போது தெருவில் யார் வந்தாலும் எழுந்து குலைக்கிறாள். ஜமீன் அவள் வாயைப் பார்க்கிறான், பிறகு கேட்டைப் பார்க்கிறான். அவள் தாய் இல்லை என்பது அவனுக்குப் பெரிதாகப்படவில்லை. பின்தெரு இசக்கித்துரை அதே விளம்பரத்தைப் போனில் வைத்துக்கொண்டு வந்தான். அப்பா அவனை உட்காரவைத்து, "ஏலே, நாங்க பட்டது போதும்" என்று முழுக்கதையும் சொன்னார். பேருந்து நிலையத்தில் வாயை மூடிக்கொண்டதையும் சேர்த்துத்தான் சொன்னார். இசக்கித்துரை இப்போது ஷமீரா வீடு பார்க்க வரும் நாளுக்காக வாசலைக் கூட்டிக்கொண்டிருக்கிறான்.

இந்தக் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "நா சொன்னது பொய்னு எழுது, நீ தலையாட்டுனதையும் எழுது" என்றார். இரண்டையும் முதலிலேயே எழுதிவிட்டேன். மற்றபடி கோபம் இருந்தால் போனில் திட்டு. இரண்டு பேரும் சேர்ந்து நின்று வாங்கிக்கொள்கிறோம்.

இரவு வேலை முடிந்து பனியில் நடக்காதே. அப்ரீன் பானு புதிது, முதல் ஞாயிறு அவளைக் கூப்பிட்டுச் சோறு போடு. உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பார். உன் கை தொடும் நோயாளிகள் எல்லாரும் எழுந்து நடக்கட்டும்.

ஒன்றை மறக்காதே. ஏப்ரலில் வரும்போது வாசலில் நின்று ஜமீனைக் கூப்பிடாதே. தூங்கிக்கொண்டிருந்தால் பின்னாலிருந்து தொடவும் செய்யாதே, பயந்துவிடுவான். தரை அதிரக் காலை ஓங்கி ஒரு மிதி மிதி. எழுந்து வருவான்.

என்றும் உன் ஞாபகத்தில்,
அம்மா
இன்பம்