ஒத்தக் கடுக்கன்

என் ராசா சேகரு,

உன் ரெண்டாம் வருஷ நினைவு நாளுக்கு நோட்டீஸ் அடிக்கிறார்கள். பின்பக்கம் காலியாக இருக்கிறது, நைனா ரெண்டு வார்த்தை சொல்லட்டும் என்று உன் தோஸ்துங்க கேட்டார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி தேவி எழுதுகிறாள். என் பேச்சைக் கொஞ்சம் சீவி விடுகிறாள். கோபத்தில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

ஆமாம், கோபம்தான். எண்ணூர் ரோட்டில் பின்னால் ஒரு லைட்டுகூட இல்லாமல் கன்டெய்னர் லாரியை நிறுத்திவிட்டுப் போனானே, அவன் மேல் கோபம். ஆனால் அவன் யாரென்று எனக்குத் தெரியாது. உன்னைத் தெரியும். தலையில் மாட்டவேண்டிய ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு போனவன் நீ. கேட்டால், "கடுக்கன் குத்துது நைனா" என்பாய்.

அந்தக் கடுக்கன் யாருடையது? என்னுடையது. என் கல்யாணத்தில் உங்கம்மா வீட்டில் போட்ட ஜோடி. பயறு அளவில் சிவப்புக்கல். மீசை முளைத்ததும் வந்து நின்றாய். "ஒண்ணு எனக்குக் குடு நைனா, ஒத்தக் காதுல போட்டாத்தான் கெத்து." அப்பனும் மகனும் ஆளுக்கு ஒன்று போட்டுக்கொண்டு திரிந்தோம். காசிமேட்டில் மீன் வாங்கப் போனால், "இன்னா பெருசு, இன்னொண்ண அடகு வச்சிட்டியா?" என்பார்கள் மீன்காரப் பெண்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஆஸ்பத்திரியில் உன் போன், செருப்போடு உன் ஒத்தக் கடுக்கனையும் பஞ்சில் சுற்றிக் கொடுத்தார்கள். தேவிதான் வாங்கி வைத்தாள். நான் கண்கொண்டு பார்க்கவில்லை.

போன மாசம் பாப்பாவுக்குக் காது குத்தினோம். தேவியின் மகள்தான். நீ போகும்போது ஒரு வயசு, இப்போது மூணு. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். தாய்மாமன் எங்கே? மாப்பிள்ளை ஒரு வேலை செய்தார். உன் போட்டோவை ஆள் உயரத்துக்கு அடித்து, கட்டவுட்டாக வெட்டி, நாற்காலியில் சாய்த்துவிட்டார். ஊரே செல்போனில் படம் பிடித்தது. ஃபேன் காற்றில் நீ ஆடினாய். பாப்பா அலறியது. அட்டையிலும் உன் காதில் அந்தச் சிவப்புக்கல் பல்லிளிக்கிறது.

நான் அதைத் தூக்கிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பாப்பாவை வாங்கிக்கொண்டு நானே உட்கார்ந்தேன். "தாத்தா மடி முறை இல்லியே" என்றார் சம்பந்தி. "அட்டைக்கு மட்டும் மடி கீதா?" என்றேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். சாப்பிடவும் இல்லை.

அன்றைக்கு மாட்டியது வெறும் தங்கக் கம்பி. புண் ஆறியதும் தோடு போட வேண்டும். அதுவும் தாய்மாமன் போட வேண்டியதுதான். போன ஞாயிறு காலடிப்பேட்டையில் ஆசாரி கடைக்குப் போனோம். பூ, நட்சத்திரம், மயில் என்று தட்டு தட்டாக எடுத்து வைத்தார். தேவி எதையும் பார்க்கவில்லை. பர்ஸைத் திறந்து அந்தப் பஞ்சுப் பொட்டலத்தை வைத்தாள்.

"எங்கண்ணன் தங்கம். இத உருக்கிப் பாப்பாவுக்குத் தோடு பண்ணிக் குடுங்க."

நான் பொட்டலத்தை அவள் பக்கமே தள்ளினேன். "உசுர எடுத்தது அது. பச்சப்புள்ள காதுல போடுவியா?"

"லாரி எடுத்துச்சு நைனா. கடுக்கன் இன்னா பண்ணும்?"

"அது இல்லேன்னா தலையில ஹெல்மெட் இருந்திருக்கும்."

"அது இல்லேன்னா அவனுக்கு வேற ஒரு சாக்கு. உம்புள்ளைய உனக்குத் தெரியாதா?"

ஆசாரி துடைத்த தராசையே துடைத்தார். தேவி கீழே பார்த்துக்கொண்டு சொன்னாள். "மாமன் போட்டதுன்னு பாப்பாவுக்கு ஒண்ணாவது வேணும் நைனா. கட்டவுட்ட காதுல போட முடியுமா?"

இதற்கு நீ என்ன பதில் சொல்லியிருப்பாய்?

ஆசாரி நட்சத்திரத்தைப் பாப்பாவின் காதருகே கொண்டுபோனார். வலியை மறக்காத பிள்ளை. கத்திக்கொண்டு என்மேல் ஏறி, என் காதைப் பிடித்துக்கொண்டது. பிடித்ததோடு விடவில்லை, என் கடுக்கனைத் திருகியது. திருகத் திருக அழுகை அடங்கியது. நீ தூக்கும்போதும் அப்படித்தான் திருகும். "ஏய், காது கையோட வந்துடும்டி" என்று கத்துவாய்.

உன்னைத் தேடுகிறதா, கல்லைத் தேடுகிறதா? ஒரு வயசில் பார்த்த மாமன் அதற்கு ஞாபகம் இருக்குமா?

எனக்கு அதற்கும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் ஆசாரியிடம் சொன்னேன். "உருக்க வேணாம். என்னுதையும் கழட்டு. ஜோடியா போடு."

லேசில் கழலவில்லை. "திருகு கடிச்சுகினு கீது பெருசு, பொறுத்துக்க" என்று எண்ணெய் விட்டுத் திருகினார். வரும்போது கொஞ்சம் ரத்தத்தோடுதான் வந்தது. தேவி துப்பட்டாவால் என் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஆசாரி ரெண்டிலும் காதில் நுழையும் தண்டை மெல்லிசாக அராவி, கொதிநீரில் போட்டு எடுத்து, பாப்பாவுக்கு மாட்டினார். இந்தத் தடவை அது கத்தவில்லை. கண்ணாடியைப் பார்த்து, "தாத்தா தோடு" என்றது. "ஒண்ணு தாத்தாது, ஒண்ணு மாமாது" என்றாள் தேவி. எது எதென்று அப்போது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வலது காதில் இருப்பது உன்னுடையது. கல்லோரத்தில் ரோடு போட்ட கீறல் இருக்கிறது. பாப்பாவைக் கொஞ்சும்போதெல்லாம் அது என் கண்ணில் படுகிறது. இப்போதும் நீ என்னிடம் திட்டு வாங்காத நாள் இல்லை.

கட்டவுட்டு இன்னும் சுவரைப் பார்த்துத்தான் நிற்கிறது. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, திருப்பி வைக்கவும் வரவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கேட்டுக்கொள். இவள் வளர்ந்து வண்டி எடுக்கும் நாளில் நான் இருந்தால், ஹெல்மெட்டை என் கையால் மாட்டிவிடுவேன். "குத்துது தாத்தா" என்பாள். கடுக்கனைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுப் போ என்பேன். நான் இல்லாவிட்டால் தேவி சொல்வாள். அதற்காகவும்தான் இதை அவள் கையால் எழுத வைத்தேன்.

ரெண்டு காதும் மூளியான,
உன் நைனா