பேனரில் ஓடுகிறவள்

செவ்வாய், இரவு

பாப்பு, வெள்ளிமலை பஸ் நிறுத்தத்தில் உன் காலேஜ் பேனர் கட்டியிருந்தார்கள். நீ ஓடுகிறாய், பக்கத்தில் தாளாளர் சிரிக்கிறான். காய்ச்சலோடு உன்னை ஓடவிட்டு, மைதானத்தில் விழுந்ததும் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கைவிரித்த ஆள். நீ செத்த பிறகும் உன்னைக் காட்டித்தான் காலேஜுக்குப் பிள்ளை பிடிக்கிறான்.

அவிழ்த்துச் சுருட்டினேன்.

"இன்னாக்கா, காலேஜ்காரன் கேட்டா?" என்றான் நம்மூர் ஜீப்காரன்.

"எம்பொண்ணு ஓடனதுக்கு ஒத்த ரூபா குடுத்தானா? அத்த எடுத்தாந்துட்டு கேக்கச் சொல்லு."

உன்னை மட்டும் வெட்டியெடுத்துச் சுவரில் ஒட்டினேன். அவன் முகத்தை ஆட்டுப்பட்டியில் விரித்தேன். இந்நேரம் புழுக்கையில் அவன் சிரிப்பே தெரியாது. அப்படியும் ஆறவில்லை. கள்ளக்குறிச்சியிலும் கட்டியிருக்கிறானாம். காலையில் அரிவாளோடு போகிறேன்.

ஓடுவதற்கு முன்னால், முடியவில்லை என்று அவனிடம் சொல்லிப் பார்த்தாயா பாப்பு?