ஒற்றை இகாமத்

தாம்பரம்
9-2-1989

அன்புள்ள சம்பந்தி கலீல் பாய் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று மதியம் எங்கள் பள்ளிவாசலில் லுஹர் தொழுகை தொடங்க உங்கள் மகன் சதக் இகாமத் சொன்னார், பாதியை விட்டுவிட்டார்.

வழக்கமாகச் சொல்லும் மோதினார் ஊரில் இல்லை. கடைக்கு வந்திருந்த வருங்கால மாப்பிள்ளைக்கு ஒரு மரியாதையாக இருக்கட்டும் என்று நான்தான் அவரைச் சொல்லச் சொன்னேன். ஊரைக் கூப்பிடும் பாங்கில் போலவே இகாமத்திலும் ஷஹாதத் வாக்கியங்களை இரண்டிரண்டு முறை சொல்வது இங்கே வழக்கம். அவரோ ஒவ்வொன்றையும் ஒரே முறையோடு முடித்துக்கொண்டார். தொழ வரச் சொல்லிக் கூப்பிடும் 'ஹய்ய அலஸ் ஸலா'வும் ஒரே முறை. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் மரக்கடைக்காரன். தட்டிப் பார்க்காமல் தேக்கு வாங்க மாட்டேன். பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லையா, இல்லை, புதிதாக ஏதாவது கோஷ்டியில் சேர்ந்திருக்கிறாரா? இந்தப் பக்கம் ஒரு பள்ளியில் இப்படி ஒரு தகராறிலேயே ஜமாஅத் இரண்டாகிவிட்டது. அதை என் வீட்டுக்குள் கொண்டுவர இஷ்டமில்லை. ஒளிக்காமல் எழுதுங்கள். அதுவரை கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகாது.

முனீர்


கீழக்கரை
16-2-1989

அன்பு முனீர் பாய்க்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

ஒளிக்க ஒன்றுமில்லை. தொழுகை முறையில் நாங்கள் ஷாஃபி, நீங்கள் ஹனஃபி. எங்களுக்கு இகாமத் ஒற்றைதான். தக்பீரும் 'கத் காமதிஸ் ஸலா'வும் மட்டும் இரண்டு முறை.

மாப்பிள்ளை பார்க்க வந்தபோது எங்கள் பள்ளியில் தொழுதீர்களே, காதில் விழவில்லையா? எப்படி விழும்! வாசலில் நின்று மரம் விலை விசாரித்துவிட்டு, ஒவ்வொரு நேரமும் இகாமத் முடிந்த பிறகுதானே ஓடிவந்து சேர்ந்தீர்கள்.

எனக்கும் ஒரு சந்தேகம். துபாய் மாப்பிள்ளை யாராவது கிடைத்துவிட்டானா? அப்படியானால் நேராகச் சொல்லிவிடுங்கள். என் பிள்ளையின் இகாமத்தைச் சாக்கு வைக்க வேண்டாம். அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை. அவன் உம்மா என்னிடம் எரிந்து விழுகிறாள்.

கலீல்


தாம்பரம்
27-2-1989

அன்புள்ள கலீல் பாய்க்கு, ஸலாம்.

துபாயிலிருந்து ஒருவர் கேட்டது உண்மை. நான் பிடி கொடுக்கவில்லை.

உங்கள் கடிதத்தோடு எங்கள் பள்ளி இமாம் ஹஜ்ரத்திடம் போனேன். "இதுக்கா பாய் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு இருந்தீங்க? ரெண்டும் சரிதான்" என்று சிரித்தார். பக்கத்துக் கடை குப்புராஜ் சும்மா இருப்பானா? "இன்னா பாய், ஒரு தபா கூப்ட்டா வரமாட்டீங்களா?" என்கிறான். என் மனைவி அஜீசா உங்கள் கடிதத்தை உரக்கப் படித்துவிட்டாள். "நீங்க லேட்டாப் போனதுக்கு அவரு என்ன பண்ணுவாரு, அத்தா?" என்று கேட்டுவிட்டுக் கல்யாணப் பெண் ஹஃபீசா உள்ளே போய்விட்டாள். அப்புறம்தான் உங்களுக்கு ட்ரங்க் கால் போட்டேன்.

ஆனாலும் பேசியதை எழுத்தில் வைப்பது என் பழக்கம். நேற்று அந்த ட்ரங்க் காலில் நாம் ஒப்புக்கொண்டது இதுதான்: நிக்காஹ் நோன்பு முடிந்து ஷவ்வாலில், எங்கள் பள்ளியில். இங்கே சதக் இகாமத் சொன்னால் இரட்டை. அங்கே நான் சொன்னால் ஒற்றை. பிள்ளைகள் குடித்தனம் பண்ணும் வீட்டுக்குள் அவர் தம் முறைப்படி சொல்லலாம். ஹஃபீசா ஹனஃபியாகவே தொழுவாள்; மாறச் சொல்லி உங்கள் வீட்டில் யாரும் அவளை வற்புறுத்தக் கூடாது. பிறக்கும் பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

முனீர்