மூன்று மீட்டரில் பதினைந்து நிமிடம்

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. நலம் என்று எழுதத்தான் ஆசை, முதுகு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. பத்தொன்பது வருடம் கப்பலுக்கடியில் மல்லாந்து கிடந்தபோது வலிக்காத முதுகு, இந்த டைவிங் பள்ளி பெஞ்சில் மூன்று வாரத்தில் போய்விட்டது. உன் கால் எப்படி இருக்கிறது? சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை போனாய் என்று உன் மனைவி போனில் சொன்னாள். கேட்டபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

இங்கே இன்னும் தண்ணீரைக் கண்ணிலேயே காட்டவில்லை. காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை கரும்பலகைதான். கூடப் படிப்பவர்களுக்கெல்லாம் இருபது, இருபத்திரண்டு வயது. எனக்குப் 'பெரியப்பா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சான்றிதழ் இல்லாதவன் இனித் துறைமுகத்தில் இறங்கக்கூடாது என்று சொன்னபிறகு வேறு வழி? தேர்வு வெள்ளிக்கிழமை. இரண்டு வரி படித்தால் கொட்டாவி வருகிறது.

டீச்சர் பழைய டைவர், ஒரு காது கேட்காது. முந்தாநாள் ஒரு சோடா பாட்டிலைச் சட்டென்று திறந்து மேசையெல்லாம் நுரையாக்கினார். ஆழத்தில் சுவாசிக்கும் காற்று உடம்பில் கரைகிறதாம், அவசரமாக மேலே வந்தால் இப்படித்தான் ரத்தத்திலும் முதுகுத்தண்டிலும் பொங்குமாம். பையன்கள் சிரித்தார்கள். நான் மேசையில் வழிந்த நுரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனில் சொல்ல வாய் வராததால்தான் எழுதுகிறேன். இன்று ஆளுக்கொரு டைவ் கணக்கைப் பலகையில் போடச் சொன்னார். எனக்கு வேறு எண் எதுவும் தோன்றவில்லை. கழன்று விழுந்த நங்கூரத்துக்குக் கம்பி மாட்ட நீ இறங்கிய அந்த நாளையே எழுதினேன். முப்பது மீட்டர், இருபது நிமிடம். மேலே ஒரு மணி நேர ஓய்வு. மறுபடி முப்பது மீட்டர், இருபது நிமிடம். நேராக மேலே. டீச்சர் பார்த்துவிட்டு, "என்ன பெரியப்பா, உங்க ஆளு இனிமே நடக்கவே மாட்டாரே" என்றார். வகுப்பே சிரித்தது. அவருக்கு எதுவும் தெரியாது, பாவம்.

ஓய்வெடுத்தாலும் முதல் முறை கரைந்தது முழுதாக உடம்பை விட்டுப் போகாதாம். அதற்காக இரண்டாம் முறையோடு பதினெட்டு நிமிடம் கூட்ட வேண்டும். உன் இருபது இருபதே அல்லடா, முப்பத்தெட்டு. மேலே வரும் வழியில், கரைந்தது மெல்ல வெளியேற, மூன்று மீட்டரில் பதினைந்து நிமிடம் கயிற்றைப் பிடித்து நின்றிருக்க வேண்டும். வெறும் பதினைந்து நிமிடம்.

கடிகாரம் யார் கையில் இருந்தது? இரண்டாம் முறை நீ இறங்கியதும் அதைப் பூஜ்யத்துக்குத் திருப்பியவன் நான். இருபது ஆனதும் கயிற்றை நாலு இழுப்பு இழுத்து உன்னை மேலே வரவழைத்தவனும் நான். நாம் எப்போதும் செய்வதுதானே என்று சொல்லித் தப்பிக்கலாம். யாரும் கேட்கப்போவதில்லை.

டாக்டர் ஏதோ தண்ணீர் அழுத்தம் என்றார், அது நம் காதில் ஏறவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அம்மா அழுதபோது, "சிகரெட்டை விடுடா விடுடான்னு தலையால அடிச்சுக்கிட்டேன், கேட்டானா?" என்று சொன்னதும் நான்தான். அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். நீயும் நம்பிவிட்டாய். நான் கிளம்பும் அன்று என் கையைப் பிடித்து, "என் தப்புதாண்ணே, எல்லாரையும் கஷ்டப்படுத்திட்டேன்" என்றாய். நான் ஆமாம் என்று தலையாட்டினேனடா.

மத்தியானம் பெட்டியைக் கட்டிவிட்டேன். அப்புறம் பிரித்துவிட்டேன். தேர்வை எழுதத்தான் போகிறேன். அந்தக் கணக்கு மட்டும் இனி எனக்குத் தப்பாது.

உன்னை எனக்குத் தெரியும். அண்ணன் மானம் போய்விடும் என்று இதைத் தலையணைக்கடியில் ஒளித்துவைப்பாய். அதைச் செய்யாதே. அம்மாவை உட்காரவைத்து, உன் மனைவியையும் கூப்பிட்டு, சத்தமாகப் படி. உன் உடம்பில் ஒரு குறையும் இருந்ததில்லை. நீ சரியாகத்தான் இறங்கினாய். நான் கூப்பிட்டதால்தான் ஏறினாய்.

படித்து முடித்ததும் என்னைத் திட்டி நாலு வரி எழுது. பரவாயில்லைண்ணே என்று மட்டும் எழுதிவிடாதே, அதை என்னால் தாங்க முடியாது. நீ நல்லா இருக்கணும்டா.

உன் கயிற்றைப் பிடித்திருந்த,
அண்ணன்